ஏழாம் பெட்டி

திங்கட்கிழமை காலை சந்தியாவின் கைக்கு மவுஸ் அடங்கவில்லை. வழக்கமான பொத்தானை அழுத்தினால் வேறு ஏதோ பட்டியல் விரிந்தது. மறுபக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் ஃபைல் திறந்தது. இடது கையால் வேலை செய்கிற யாரோ தனக்கு வசதியாக மாற்றி வைத்ததுபோல் இருந்தது. திரையில் அவள் வைத்திருந்த சம்பங்கிப் பூக்களும் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஈரச் சுவர் வாசனையும் பழைய மின்விசிறியின் முனகலும் நிறைந்த அந்த டேட்டா என்ட்ரி ஆபீசில் முப்பது சின்னக் கணினிப் பெட்டிகள். சொந்தமாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத பெட்டிகள். கரண்ட் போய் வந்தால், கடைசியாக சர்வரில் சேமித்தது மட்டுமே திரும்பி வரும். மற்றதெல்லாம் இருந்த சுவடே இருக்காது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளவரசன் சனிக்கிழமைதோறும் ஒரு பெட்டியை மாதிரியாக எடுத்து, அதன் செட்டிங்ஸை எல்லாப் பெட்டிகளுக்கும் ஏற்றுவான். ஆறு வருடமாக மாதிரிப் பெட்டி, சந்தியாவின் ஏழாம் பெட்டிதான். அவன் காதலைச் சொன்னதே அப்படித்தான்: ஒரு திங்கட்கிழமை முப்பது திரையிலும் அவளுடைய சம்பங்கி பூத்திருந்தது. அந்த வருடமே கல்யாணம்.

“இன்னாங்க, என் பெட்டிய மாத்தினீங்களா?”

“நான் எங்க மாத்துனேன்? சனிக்கிழமை வெள்ளிமலை கிளைக்குப் போயிருந்தேனே.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பக்கத்து இருக்கை கமலா அக்கா சிரித்தாள். “எவளோ பீச்சாங்கைக்காரி உன் எடத்துல உக்காந்துகினு இருந்திருக்கா. நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்திதான்டி.” கண்ணால் பன்னிரண்டாம் பெட்டியைக் காட்டினாள். எலவனாசூர்கோட்டையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மலர்விழி, இடது கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

சந்தியா எல்லாவற்றையும் சரிசெய்தாள். மதியம் கரண்ட் போய் வந்தது. மறுபடியும் அதே சாம்பல்.

வீட்டிலும் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்தபோது, அடுப்புக்கு வலப்புறம் தொங்கும் கரண்டி இடப்புறம் மாறியிருந்தது. வியாழக்கிழமை, கண்ணாடியில் அவள் ஒட்டி வைக்கும் பொட்டுகள் மறு ஓரத்தில் வரிசையாக இருந்தன. தலையணையில் அவள் சூடாத மரிக்கொழுந்தின் வாசனை. அன்று சாப்பாட்டின்போது நான்கு வயது அருள்மொழி வாயைத் திறக்காமல் அம்மாவின் கையையே பார்த்தாள்.

“அம்மா, அந்தக் கையால ஊட்டு.”

சந்தியாவின் விரல்களில் சோறு ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இளவரசனின் இருக்கை காலியாக இருந்தது. வெளியே கல்வராயன் மலைப்பக்கம் இடி உருண்டது. பன்னிரண்டாம் பெட்டியின் முன்னாலும் யாரும் இல்லை. சந்தியா அவன் திரையில் சேமிப்புப் பட்டியலைத் திறந்தாள்.

போன சனிக்கிழமை. மாதிரி: பெட்டி 12. ஏற்றுவது: பெட்டி 7-க்கு மட்டும். பெட்டி 7-ல் உள்ளதை அழிக்கவா? ஆம். சேமித்தவர்: இளவரசன்.

அவன் வெள்ளிமலைக்குப் போகவே இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி. இன்றைய தேதி.

வீடு. பழையதை அழிக்கவா? ஆம். சேமித்தவர்: இளவரசன். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் நடைமுறைக்கு வரும்.

பலமுறை படித்தாள். எழுத்து மாறவில்லை.

ஓடினாள். ஷேர் ஆட்டோ. மழை. ஒவ்வொரு கடை விளக்கையும் பார்த்துக்கொண்டே போனாள். எரிந்துகொண்டிருந்தது. இதுவும் எரிகிறது. தெருமுனை. தன் வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். கேட்டில் கை வைத்தாள்.

கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம் மட்டும். உள்ளே அருள்மொழியின் குரல், “அம்மா!” என்று.

“இதோ வந்துட்டேன்டி!”

கரண்ட் வந்தது.

சாவி பூட்டுக்குள் போகவில்லை. தட்டினாள். திறந்தவன் இளவரசன். முகத்தில் கோபம் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் அவன் காட்டும் அதே மரியாதை.

“யாருங்க? யாரு வோணும் உங்களுக்கு?”

ஆனால் அவள் தன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவன் கண்கள் தாழ்ந்தன. அவனுக்குத் தெரியும். அவன் மட்டும் எதையும் மறக்கவில்லை.

அவன் தோளுக்குப் பின்னால், பாயில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சந்தியாவின் பச்சைப் புடவை. மரிக்கொழுந்து வாசனை. அருள்மொழி வாசலைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல். பிறகு திரும்பி, நீண்டு வந்த இடது கைக்கு வாயைத் திறந்தாள்.