தொப்புள் உயரத்தில் ஒரு தடயம்

“ஆ... ஆ... ஆ...!”

அலறியது எல்ஃப்ரீடே. கிழக்கு ஜெர்மனியில், ஓபர்ரீட் கம்பளிச் செருப்பு ஆலையில் மூட்டை இறக்குபவள்.

வேகன் கதவைத் தள்ளித் திறந்து, கம்பளி மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டு இழுத்தவளுக்கு வந்தது ஒரு கால். பாலிஷ் போட்ட ஷூவோடு.

ஆட்டுக்கு ஷூ கிடையாது. அதனால்தான் அலறினாள்.

அடுத்த அரை மணி நேரத்தில், ரயில்வே போலீஸ் லெப்டினன்ட் ரோஸ்விதாவின் மேஜையில் போன் கதறியது.

“ரோஸ்விதா... ஓபர்ரீட் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்மா. ஒரு பிணம்.”

பேசியது கேப்டன் ஹார்ட்விக். பிணம் என்று சொல்லும்போதுகூட அவர் வாயில் எதையோ மென்றுகொண்டுதான் இருந்தார்.

“யாரு தோழரே?”

“லிப்போல்ட். தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்.”

“பாதுகாப்பு ஆய்வாளருக்கே பாதுகாப்பு இல்லையா?”

“சிரிக்காதே. ட்ரொம்மர்னு ஒருத்தன், அங்க வேகன் கோக்கிற ஆளு. ரெண்டு வேகனுக்கு நடுவுல லிப்போல்டை நசுக்கிட்டான். பயந்துபோய் கம்பளிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான். பிடிச்சு உட்கார வெச்சாச்சு. வாக்குமூலம்கூட டைப் ஆயிடுச்சு.”

“ஒத்துக்கிட்டானா?”

“அது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குக் கொடி குடுக்குற விழா. பெர்லின்லேர்ந்து ஆள் வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வாங்கிடு.”

வைத்துவிட்டார்.

கொடி என்றால் செங்கொடி. வருஷம் முழுக்க விபத்தே நடக்காத ஸ்டேஷனுக்குக் கிடைப்பது. கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பதவி உயர்வு, மற்றவர்களுக்குக் கடற்கரையில் விடுமுறை. மலைமேல் இருக்கும் ஓபர்ரீட்டுக்கும் அடிவாரத்தில் இருக்கும் ஹாசல்பாக்குக்கும் அதற்காக வருஷம் பூராவும் குடுமிப்பிடி. யாருக்குக் கொடி என்று மார்க் போட வேண்டியவர்தான் லிப்போல்ட்.

அவர் இப்போது கம்பளிக்குள் படுத்திருந்தார்.

*

ஓபர்ரீட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஹேனல் ஏற்கெனவே வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் லிப்போல்டின் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு, “செத்தாச்சு” என்று அறிவித்திருந்தார். அவருக்குச் சீட்டாட்டக் கச்சேரி காத்திருந்தது. உடலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

“ஒரு நிமிஷம்” என்று ரோஸ்விதா போர்வையை விலக்கினாள்.

லிப்போல்டின் வெளிர் சாம்பல் கோட்டில், தொப்புளுக்கு நேராக ஒரு கறுப்பு வட்டம். கிரீஸ். முதுகுப் பக்கம் அதே உயரத்தில் இன்னொரு வட்டம்.

மோதலைத் தாங்க வேகன்களின் முனையில் இருக்கும் பஃபர் தட்டுகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே ஆய்வாளர். ஹார்ட்விக் சொன்னதில் அதுவரைக்கும் தப்பில்லை.

ஆம்புலன்ஸ் போனது. ரோஸ்விதா ட்ரொம்மரைப் பார்த்தாள். தடித்த மீசைக்காரன்.

“அஞ்சு வருஷம் ஜெயில்னு சொன்னாங்க” என்றான் அவன்.

“யாரு?”

“கேப்டன்தான். கையெழுத்துப் போட்டா அஞ்சு, போடலைன்னா பத்துன்னாரு. தோழர் லெப்டினன்ட், என் பொண்ணுக்கு மூணு வயசு. நான் வரும்போது அவ என்னைப் பார்த்து ‘நீங்க யாரு மாமா’ம்பா.”

“நசுக்கினியா?”

“சத்தியமா இல்லீங்க. நான் அவரைத் தொடவே...” என்றவன் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ரோஸ்விதா அந்தக் கம்பளி வேகனை நோக்கி நடந்தாள்.

இந்த மலைப்பாதையின் தண்டவாளம் குறுகல். பெரிய ரயிலின் வேகன் அதில் ஓடாது. அதனால் ஹாசல்பாக்கில், தாழ்வான சின்ன வண்டி ஒன்றின் முதுகில் பெரிய வேகனை அப்படியே ஏற்றி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை அடித்து, மேலே அனுப்புவார்கள். தம்பி முதுகில் அண்ணன் சவாரி. தினம் பார்க்கிற காட்சி. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ரோஸ்விதா நிமிர்ந்து பார்த்தாள்.

“ட்ரொம்மர், இங்க வா. இந்த பஃபர் எங்க இருக்கு?”

“வேகன்லதான்.”

“அடப் பாவி... என் உடம்புல எங்கே வருதுன்னு பாரு.”

அவன் பார்த்தான். அவளுடைய மூக்குக்கு நேராக இருந்தது.

“மூக்குகிட்ட.”

“லிப்போல்ட் என் உயரம்தான். இங்க நசுங்கியிருந்தா அவர் மூஞ்சில வட்டம் இருக்கணும். தொப்புள்ல இருக்கு. அவர் என்ன நாற்காலி மேல ஏறி நின்னாரா?”

ட்ரொம்மர் பஃபரை எட்டித் தொட்டுப் பார்த்தான்.

“அது மட்டுமா? சின்ன வண்டிகளை நீ நீளமான இரும்புத் தடியாலதான கோக்கிற? மேல இருக்கிற ரெண்டு வேகனுக்கும் நடுவுல ஒரு சைக்கிளே போகும். இங்க பஃபரும் பஃபரும் தொடவே தொடாது.”

“ஆமாங்க.”

“பெரிய வேகன் தரையில நிக்கும்போதுதான் பஃபர் தொப்புளுக்கு வரும். அது எந்த ஊர்ல?”

“ஹாசல்பாக்ல...” என்றான் ட்ரொம்மர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

அஞ்சு வருஷம் தப்பித்த மனிதன் துள்ளிக் குதிக்க வேண்டாமா? இவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். ரோஸ்விதாவுக்கு அது பிடிக்கவில்லை.

*

ஹாசல்பாக் ஸ்டேஷன் மாஸ்டர் ஓமிஷென் கண்ணாடி முன்னால் நின்று, நாளைக்குப் பேசவேண்டிய ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புது டை.

“வாங்க, வாங்க. ஓபர்ரீட்ல விபத்தாமே? பாவம். நான் எப்பவுமே சொல்லுவேன், அவங்களுக்குப் பாதுகாப்பு உணர்வே கிடையாது.”

“லிப்போல்ட் இங்கதான் நசுங்கினார்.”

“ச்சே... என்ன பேச்சு இது?”

“பஃபர் அவர் தொப்புள்ல பதிஞ்சிருக்கு. மேல போனா அது மூக்குக்கு வரும்னு உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா வேகனை ஏத்தி அனுப்புறீங்க. ஏத்தினா உயரமாகும்னு ஒரு நாளாவது தோணியிருக்க வேணாமா?”

ஓமிஷென் மெல்ல டையைத் தளர்த்தினார். ஒரு கோப்பை சிக்கரிக் காப்பியை ஊற்றிக் குடித்தார். அப்புறம் பெருமூச்சு. அதையும் ஒத்திகை பார்த்திருப்பார் போல.

“விபத்துதாம்மா. வேகனைச் சின்ன வண்டி மேல ஏத்துறதுக்காக எஞ்சினுக்குக் கை காட்டினேன். அவர் நடுவுல குனிஞ்சு எதையோ பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. எனக்குத் தெரியாது.”

“உடனே டாக்டரைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டா விபத்துன்னு ஆயிடுமே. மூச்சுப் பேச்சில்ல. அதான்... கம்பளி வேகன்ல வெச்சு மதிய ரயில்ல மேல அனுப்பிட்டோம். அவங்க ஸ்டேஷன்ல கிடைச்சா அவங்க கணக்கு.”

“இன்னிக்கு மதியம் இன்னும் வரவே இல்லையே?”

“நேத்து மதியம்.”

ரோஸ்விதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நேத்தா? அப்போ இன்னிக்குக் காலைல வரைக்கும் அவர் எங்க இருந்தார்?”

ஓமிஷெனின் முகத்தில் முதல்முறையாக நிஜமான கோபம் தெரிந்தது.

“அந்த ஓபர்ரீட் காரனுங்க இருக்கானுங்களே... கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்? சாயங்கால ரயில்ல திருப்பி அனுப்பிட்டானுங்க! மூட்டையைக்கூட இறக்கல. அந்த ட்ரொம்மர் பயதான் கதவைத் திறந்து பார்த்திருக்கான். பார்த்துட்டு அப்படியே மூடி அனுப்பிட்டான்.”

“நீங்க?”

“காலைல முதல் ரயில்ல மறுபடி மேல அனுப்பினேன். பின்ன? வெச்சுக்கவா முடியும்? ஆனா ஆலைல கம்பளி இல்லைன்னு அந்தப் பொம்பளைங்களே வந்து கதவைத் திறந்துட்டாங்க. இல்லைன்னா மத்தியானம் இங்க வந்திருப்பாரு.”

மேலே, கீழே, மறுபடி மேலே. ஒரு மனிதனை மூன்று முறை மலைமேலும் கீழுமாக அலைக்கழித்திருக்கிறார்கள். இரண்டு ஸ்டேஷனிலும் ஒருத்தனுக்காவது அவன் மூக்கில் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ரோஸ்விதாவுக்கு அவரை அறைந்தால் என்ன என்று இருந்தது.

அறையவில்லை. சிகரெட் பற்றவைத்தாள்.

“எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்டார் ஓமிஷென். சந்தையில் முட்டைக்கோஸ் விலை கேட்கிற குரல்.

“எது?”

“தெரியாம நடந்த விபத்து, அப்புறம் பிணத்தை இடம் மாத்தினது. ரெண்டு வருஷம்? நல்ல நடத்தைன்னா ஒண்ணரை? கட்சில எனக்கு நல்ல பேரு இருக்கு.”

“நிறைய யோசிச்சு வெச்சிருக்கீங்க.”

“பொறுப்புள்ள அதிகாரி முன்கூட்டியே யோசிக்கணும் இல்லையா?”

அவர் மேஜையிலிருந்த போன் அடித்தது.

ஓமிஷென் எடுத்தார். “ஹாசல்பாக் ஸ்டேஷன்...” என்றவர் முகம் சுளித்து நீட்டினார். “உங்களுக்குத்தான். டாக்டர் ஹேனல். ஏதோ உளர்றாரு.”

ரோஸ்விதா வாங்கிக் காதில் வைத்தாள்.

கேட்டாள்.

சிகரெட் சாம்பல் தானாக உதிர்ந்தது.

“என்ன டாக்டர் சொல்றீங்க? ...சவக்கிடங்குலயா? ...ஆயா கிட்டயா? ...சூப் கேட்டாரா?”

ஓமிஷெனின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது.

“நிஜமாவே அவரா பேசினார்? ...ம். ...ம். ...அப்படியே ஒரு வார்த்தை விடாம திரும்பச் சொல்லுங்க.”

நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள்.

“யா... யாரு சூப் கேட்டது?” என்றார் ஓமிஷென்.

“லிப்போல்ட். விலா எலும்பு நாலு போச்சு. ரெண்டு கால் விரலைப் பனி தின்னுடுச்சு. ஆனா ஆளு உயிரோட இருக்காரு. செருப்பு ஆலைக்குப் போற கம்பளிதான் காப்பாத்தியிருக்கு. மனுஷங்க காப்பாத்தல.”

“அப்பாடா... நல்ல சேதி...” ஓமிஷென் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

“உங்களுக்கு இல்ல. நீங்க முட்டுக்கட்டை அடிக்காமலே வேகன்களை மேல அனுப்புறதை அவர் கண்டுபிடிச்சுட்டாராம். ஹாசல்பாக்குக்குக் கொடி கிடையாதுன்னு உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னாராம்.”

“அது... அது வந்து...”

“அப்புறம் வேகன் நடுவுல குனிஞ்சு பார்த்தாராம். நிமிரும்போது நீங்க அவரைப் பார்த்தீங்களாம். அவரும் உங்களைப் பார்த்தாராம். ரெண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர். பார்த்துக்கிட்டேதான் எஞ்சினுக்குக் கை காட்டினீங்களாம்.”

கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

“இப்ப கணக்கு மாறிடுச்சு. ஒண்ணரை வருஷமெல்லாம் கிடையாது. இது கொலை முயற்சி.” ரோஸ்விதா போனைச் சுழற்றினாள். “தோழர் கேப்டன்? ட்ரொம்மரோட அந்த டைப் அடிச்ச பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. ...இல்ல, அவனும் உத்தமன் இல்ல. அடிபட்டவரைப் பார்த்தும் கதவை மூடினவன். அதுக்கு உண்டானதை அவன் அனுபவிக்கட்டும். ஆனா நசுக்கினவன் என் எதிர்ல உட்கார்ந்திருக்கான். ...கொடியா? அதை நீங்களே போர்த்திக்கங்க.”

விலங்கை எடுத்தாள்.

ஓமிஷென் இரண்டு கைகளையும் நீட்டியபடி, வழி தவறிய குழந்தை மாதிரி கேட்டார்.

“அப்போ நாங்க... போட்டியிலேயே இல்லையா?”

‘க்ளிக்’ என்று பூட்டினாள் ரோஸ்விதா.

“கவலைய விடுங்க தோழரே. ஜெயில் பட்டறையிலயும் வருஷா வருஷம் இதே போட்டி நடக்குது. அங்க ஆய்வாளர் வரும்போது மட்டும்... கையைப் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கங்க.”