பாதி வட்டம்

"ஆத்தீ...!"

சேவுகனின் அலறல் அத்தோடு அறுந்தது.

தகட்டில் வட்டம் வெட்டும் மெஷினும் நின்றது. பெடலை மிதித்த கால் விலகினால் அது நின்றுவிடும்.

வெள்ளைச்சாமி இரும்புக் கம்பியைத் துடைத்து ஒளித்தான். தரையில் எண்ணெயைக் கொட்டினான். வழுக்கி விழுந்து, மெஷினில் மண்டை மோதிச் சாவு... பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்!

திருமயம் ரோட்டுப் பட்டறை இருவருக்கும் பொது. மெஷின் மட்டும் சேவுகனுடையது. காலையில்தான் சொன்னான்.

"நாளைக்கு மெஷினை அறந்தாங்கிக்கு ஏத்திருவேன். நீ வேற பொழப்பு பாரு."

இந்த மெஷினையா? தன் கையால் ஓடிய மெஷினையா?

இனி டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும்.

கால் நகரவில்லை.

அண்டாவின் அடிப்பாகத்துக்கான பித்தளைத் தகடு, பாதி வெட்டுப்பட்டு மெஷினின் வாயில் கிடந்தது. வாசல் வரை போனான். திரும்பிப் பார்த்தான். மறுபடி போனான்...

வேலையைப் பாதியில் விட்டு அவன் ஒருநாளும் படி இறங்கியதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அரித்தது.

வந்து பெடலை மிதித்தான்.

கர்ர்ர்...

பிசிறில்லாத முழு வட்டம்! அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

டீ குடித்துத் திரும்பியபோது வாசலில் போலீஸ் ஜீப்!

அவன் இன்னும் யாரையுமே கூப்பிடவில்லையே...?

உள்ளே இன்ஸ்பெக்டர் அன்புமொழி. சுவரோரம் சேவுகனின் மனைவி திலகவதி.

"ஐயோ மச்சான்! என்னாச்சு மேடம்?"

"நீங்க எங்கிட்டுப் போயிருந்தீங்க?"

"டீ குடிக்கங்க. நான் போறப்ப வெட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. எண்ணெய் வழுக்கிருச்சு போல..."

"மெஷினை வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"எங்க ரெண்டு பேரைத் தவிர எவன் கைக்கும் இது படியாது மேடம்!"

திலகவதி நிமிர்ந்தாள்.

"அண்ணே... அவரு என்கூடப் போன்ல பேசிக்கிட்டேதான் வெட்டினாரு."

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தான். சேவுகனின் காதில், முடிக்குள், கறுப்பாய் ஒரு பொத்தான்.

ப்ளூடூத்!

"'பாதி வந்துருச்சு, இரு புள்ள'ன்னாரு. அப்புறம் அலறல். மெஷின் நின்னு போச்சு. ஏங்க, ஏங்கன்னு கத்துறேன்... சத்தமே இல்ல. அப்புறம்..."

"அப்புறம்?" கேட்டது வெள்ளைச்சாமிதான்!

"மெஷின் திரும்ப ஓடுச்சுண்ணே! அப்பாடா, எந்திரிச்சுட்டாருன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனா பேச்சே வரல. ஓடியாந்து பாத்தா..."

வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

அன்புமொழி பித்தளை வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"செத்தவரு எந்திரிச்சு, மிச்சத்தையும் வெட்டிட்டு, திரும்பப் படுத்துக்கிட்டாரா வெள்ளைச்சாமி?"

"மே... மேடம்..."

"சும்மா சொல்லக்கூடாது. வழவழன்னு வெட்டியிருக்கே!"

இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"இதுவும் ரெண்டு வட்டந்தான். பிசிறு இருக்கான்னு போட்டுப் பாத்துச் சொல்லு!"