மறுப்பில்லா வாசல்

“உங்க வண்டிய எங்க வாசல்லேர்ந்து எடுங்க சார்.”

இந்த ஒன்றை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று சொல்லிச் சொல்லியே செவ்வந்தியை வளர்த்திருந்தாள் அவள் அம்மா பூங்காவனம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கட்டடப் பொறியியல் பட்டம் வாங்கிய மூன்றாம் நாள் காலையில், பல் துலக்கிய கையோடு வாசலுக்கு வந்து அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

சந்தானகிருஷ்ணன் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நகர் நலச் சங்கத்தின் தலைவர். அவர் வீட்டின் முன்பக்கம் பெரிய தெருவில் இருந்தது. பின்கதவு திறப்பது இவர்களுடைய சந்துக்குள், இவர்கள் வீட்டுக்கு எதிரே. இவர்கள் வீட்டு முன்னால் இருந்த பத்தடி நிலத்தை முழுசாக அடைத்துக்கொண்டு அவருடைய இரண்டாவது கார் பளபளவென்று நின்றது.

“நான் எங்கம்மா நிறுத்தினேன்? வண்டியே எடம் பாத்து வந்து நிக்குது” என்றார்.

அது உண்மைதான். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் எல்லாவற்றிலும் இடந்தேடி என்று ஒரு கருவி உண்டு. இறக்கிவிட்டதும் வண்டி தானாகப் போய் இடம் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் ‘எடு’ என்று குரல் கேட்டதில்லையோ அந்த இடத்தைத்தான் அது முதலில் தேடும். கூச்சல் போடுகிறவர்களின் வாசல்கள் ஊரெங்கும் காலியாகக் கிடந்தன. வாய் பேசாதவர்களின் வாசல்களில் வண்டிகள் மாடு அடைந்த மாதிரி அடைந்தன.

“எங்க நிக்கக் கூடாதுன்னு வண்டிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல” என்றாள் செவ்வந்தி. “இது எங்க நெலம்.”

“யாரு நெலம்னு தரை சொல்லட்டும்” என்று சிரித்துவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார்.

உள்ளே பூங்காவனம் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. “ஏண்டி, படிச்சது இதுக்குத்தானா? நாளைக்கு அவங்க வீட்டுத் துணி வருமா?”

“வரலன்னா போவட்டும். உனக்கு அந்த எடத்துல கூரை போட்டு ஒரு கடை வெக்கணும்மா. ஐம்பத்தெட்டு வயசு ஆவுது. இன்னும் எத்தினி நாளு வெயில்ல நின்னு தேய்ப்பே?”

பூங்காவனம் குனிந்து கரியை ஊதினாள்.

பத்தாம் நாள் தரைத் தீர்ப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. புகார் கொடுத்தது சந்தானகிருஷ்ணன். அந்தப் பத்தடி தனக்குச் சொந்தம் என்று.

அப்படி ஒரு புகாரைக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் நினைவுமணல். செவ்வந்தி பிறப்பதற்கு முன்பு, ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அறிவதற்காக ஊரிலுள்ள மண், சிமெண்ட், ஓடு எல்லாவற்றிலும் அதைக் கலந்துவிட்டார்கள். தன்மேல் எவ்வளவு எடை எத்தனை நேரம் நின்றது என்பதை ஒவ்வொரு மணல்துகளும் நினைவில் வைத்துக்கொள்ளும். பூமிக்குள் குழாய் உடைந்தால் தெரியவேண்டும் என்று அதற்குக் காதும் வைத்தார்கள். காது வைத்த பிறகு அது குழாய்ச் சத்தத்தை மட்டுமா கேட்கும்? வண்டிகளின் இடந்தேடிகளுக்குத் துப்புக் கொடுப்பதும் அந்தக் காதுதான்.

போன வருடம் வந்த புழக்க உரிமைச் சட்டம் அந்த மணலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டது. ஒரு நிலத்தைப் பன்னிரண்டு வருடம் மறுப்பில்லாமல் புழங்கியவருக்கே அது சொந்தம். பத்திரத்தில் பொய் எழுதலாம், தரைக்குப் பொய் தெரியாது என்று வீடு வீடாகப் போய் அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்து வாங்கியவர்களில் சந்தானகிருஷ்ணன் முதல் ஆள்.

தீர்ப்பகத்தில் கூட்டம் நெரிந்தது. தரை அலுவலர் ரெஜினா சலித்துப்போன முகத்தோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தரைவாசிப்பானை முடுக்கினார். சந்தானகிருஷ்ணன் பக்கத்தில் சங்கச் செயலாளர் ஹேமலதா கோப்போடு உட்கார்ந்திருந்தாள். எதிரே செவ்வந்தி. அவளுக்குப் பின்னால், நாற்காலி இருந்தும் உட்காராமல், பூங்காவனம்.

“வண்டி மூணு மாறியிருக்கு. ஆனா எல்லாம் ஒரே ஆளோடது” என்று ரெஜினா வாசித்தார். “மொத்தம் பன்னெண்டு வருஷம், நாப்பது நாள். அதுக்கப்புறம்தான் முதல் மறுப்பு. உன் குரல்தாம்மா.”

நாற்பது நாள். பட்டத்துக்குக் காத்துக்கொண்டு விடுதியில் வெட்டியாக உட்கார்ந்திருந்த நாற்பது நாளை நினைத்துச் செவ்வந்தி பல்லைக் கடித்தாள்.

“அதுக்கு முன்னாடி இந்தக் குரல் மட்டும் முந்நூத்துப் பதினோரு தடவை பதிவாயிருக்கு.”

தரைவாசிப்பான் அதை ஒலிக்கவிட்டது. வாசல் தெளிக்கிற சத்தம். அதன்மேல் பூங்காவனத்தின் பழைய குரல், சிரிப்போடு. “இருக்கட்டும் சார்.” மறுபடி, “இருக்கட்டும் சார்.” கொஞ்சம் வயதான குரலில், இருமலோடு, “பரவால்ல, இருக்கட்டும் சார்.”

அந்தச் சந்தில் எல்லோரும் சொல்வதுதான். பெரிய மனுஷன் கண்ணில் பட்டால் கை தானாகக் கும்பிடும், வாய் தானாக இதைச் சொல்லும். சொல்லும்போதெல்லாம் ஒரு பிடி மண் கைமாறுகிறது என்று யாருக்குத் தெரியும்? பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“சங்கடமாத்தான் இருக்கு. என்ன செய்ய, சட்டம்னு ஒண்ணு இருக்கே” என்றார் சந்தானகிருஷ்ணன்.

“இருக்கு சார். நானும் படிச்சேன். கடைசிப் பக்கம் வரைக்கும்” என்றாள் செவ்வந்தி. எழுந்து நின்றாள். “மேடம், பதினேழாம் பிரிவு. ஒருத்தர் புழக்கத்த வெச்சு நெலம் கேட்டா, அவரோட நெலத்தயும் அதே நாளு, அதே அளவுகோல்ல வாசிக்கணும். சார் வீட்டு முன்கேட்டுக்கு வெளிய எட்டடி விட்டிருக்காரு. பத்திரப்படி அவரோடது. அத வாசிங்க.”

ரெஜினா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிரிவைத் தேடிப் பிடித்தார். வாசிப்பானின் முள் ஆடத் தொடங்கியது.

“ஒரு நாலுசக்கரத் தள்ளுவண்டி. ஒரு ஆள், பெண், நின்னபடியே. தினம் ஏழு மணி நேரம்.” அவர் குரல் மெதுவானது. “வலது காலைவிட இடது காலில் பாரம் அதிகம். ஏதோ கனமான பொருளை வலது கையால அழுத்தி இழுக்கறவங்க. இருபத்திரண்டு வருஷம், மூணு மாசம்.”

எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் தன் இடது காலைப் பார்த்தாள்.

“மறுப்பு?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“மறுப்பு இல்ல. வேற குரல் இருக்கு.”

ஒலித்தது சந்தானகிருஷ்ணனின் குரல்தான். “பூங்காவனம், வேட்டி மடிப்பு கோணலா இருக்கு பார்.” “பூங்காவனம், நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறோம், பட்டுச் சட்டைய முதல்ல முடி.” வருடக்கணக்காக அதே குரல். ஒரு முறைகூட ‘இங்கே நிற்காதே’ என்று அது சொல்லவில்லை. சொன்னால் வேட்டிக்கு எங்கே போவது?

“இது அநியாயம்” என்றார் அவர். “பாவம், பிழைக்கட்டும்னு விட்டது. அதப் போய் உரிமைன்னு சொன்னா எப்படி?”

“எங்கம்மாவும் விட்டதுதான் சார். அதத்தான் நீங்க உரிமைன்னீங்க.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ரெஜினா பேனாவை மூடினார். “ரெண்டு வழிதான். ரெண்டு நெலத்துக்கும் புழக்கம்னா அந்தப் பத்தடி உங்களுக்கு, கேட்டு முன்னாடி எட்டடி இந்தம்மாவுக்கு. இல்ல, பத்திரம்தான்னா ரெண்டும் பழையபடி. ஆனா புகாரைத் திரும்ப வாங்கணும்னா எதிர்த்தரப்பு சம்மதிக்கணும். வீடு உன் பேர்லதானே இருக்கு, செவ்வந்தி? நீதான் சொல்லணும்.”

சந்தானகிருஷ்ணன் எழுந்து இவர்கள் பக்கம் வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக. “வண்டிய எடுத்துடறேம்மா. இனிமே அங்க ஒரு சைக்கிள்கூட நிக்காது. நீ கேட்டது அதானே? சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்த எட்டடி போச்சுன்னா நான் கேட்டத் திறந்து வெளியவே வர முடியாது.”

“சந்துப் பக்கம் உங்களுக்குக் கதவு இருக்கே சார்” என்றாள் செவ்வந்தி. “அது முன்னாடி உங்க பத்தடியும் இருக்கும். வண்டி எப்பவும் போல நிக்கட்டும். எங்களுக்கு ஓரமா ஒரு ஆள் போற வழி போதும். பன்னெண்டு வருஷமா ஒருக்களிச்சுதானே போறோம்.”

“பிடிவாதம் பிடிக்காதம்மா. பூங்காவனம், நீயாவது சொல்லு.”

பூங்காவனம் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அந்த இரண்டு சொல் வரும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள், செவ்வந்தி உட்பட. பூங்காவனம் அவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னாள். “அங்க மத்தியானத்துக்கு மேலதான் நிழல் வரும். கூரைய கெழக்க பாத்து கொஞ்சம் நீட்டிப் போடணும்.”

செவ்வந்தி குனிந்து, புழக்கம் என்ற கட்டத்தில் கட்டைவிரலைப் பதித்தாள்.

மண்டபத்தில் அதற்குள் வேறொரு சத்தம் கிளம்பியிருந்தது. வழக்குக்கு வந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், எல்லோரும் கைபேசியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புத் தைப்பவரை எழுப்பு, பூக்காரியைத் துரத்து, இளநீர் வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளச் சொல். இனிமேல் இந்த ஊரில் யாரும் யாரையும் ஒரு நிமிடம் நிழலில் நிற்க விடப்போவதில்லை. அது தன் கட்டைவிரலால் நடந்தது என்பதும் செவ்வந்திக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட அவளால் முடியவில்லை.

ஹேமலதாவும் கோப்பை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். “அந்தக் கீரைக்காரம்மாவை நம்ம கேட்டுகிட்டேர்ந்து உடனே எழுந்துக்கச் சொல்லு. சத்தமா சொல்லு. தரைக்குக் கேக்கணும்.”

செவ்வந்தி அவள் அருகே நின்றாள். “கீரைக்காரம்மா எத்தினி வருஷமா உக்காருது மேடம்?”

ஹேமலதா பேச்சை நிறுத்தி விரல்விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு கை முடிந்து மறு கையும் முடிந்தது. மறுபடி முதல் கைக்கு வந்து மூன்றாவது விரலைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினாள்.

செவ்வந்தி மேசையிலிருந்து புகார்ப் படிவக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். கீரைக்காரம்மாவுக்கு ஒன்று, செருப்புத் தைப்பவருக்கு ஒன்று, மீதி எவ்வளவு வேண்டியிருக்குமோ. “நீ வீட்டுக்குப் போம்மா. நான் வர நேரமாவும்” என்று சொல்லிவிட்டு, வழிவிட்ட கூட்டத்தின் நடுவே வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.