கேப்சூலின் காலி ஓடுகள்

ரொட்டிக் கடைக்காரி ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்பு அறைக்கு முதலில் வந்தது செவ்வாயா புதனா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. வார்டு குமாஸ்தா இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு லேப் ரிப்போர்ட்டைக் கசக்கிப் பிடித்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

எந்தக் கிருமி எங்கிருந்து நோயாளிக்குத் தொற்றியது என்று கண்டுபிடிப்பது அந்த அறையில் இருந்த மூத்த நர்ஸின் வேலை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அவருக்குப் பதிவேடுகள் எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா, பாதித் துப்பு தன்னால்தான் துலங்குகிறது என்று உள்ளூர நம்பிவந்தார்.

ரொட்டிக் கடைக்காரியின் கணவர் பஸ் டிரைவர். புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் கொதித்தது. ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்திருந்தது, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே இனம். "எல்லாம் ரொட்டிக்காரி வேலை" என்றார் கணவரின் அக்கா. வார்டே நம்பிவிட்டது. அவளை உள்ளே விடவில்லை. கிருமி வந்த வழி தெரியாமல் நாலாவது டோஸ் கிடையாது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

"பதினஞ்சு நாளா நான் அந்த ரூம் வாசலைக்கூட மிதிக்கல சிஸ்டர். மாவுக் கையோட போகக் கூடாதுன்னு ரொட்டியை மட்டும் குடுத்தனுப்பினேன். இப்ப நான்தான் கொலைகாரியா?"

அவள் போனதும் குமாஸ்தா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "அப்ப ரொட்டிதான் சிஸ்டர். கேஸ் முடிஞ்சுது."

"வெந்த ரொட்டில ஈஸ்ட் எப்படிங்க உயிரோட இருக்கும்?"

குமாஸ்தா நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

அடுத்த மூன்று நாளும் வீண். குழாய்த் தண்ணீர், டிரிப்ஸ் ஸ்டாண்டு, படுக்கைக் கம்பி என்று எதைச் சோதித்தாலும் ஒன்றுமில்லை. கேள்வி கேட்டால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பகல் நர்ஸ் தன் எரிச்சலைத்தான் கொட்டினாள்: டிரைவரின் அக்கா கொண்டுவரும் பாலை லேசாகச் சூடுபண்ணக்கூட விடுவதில்லையாம். அந்த அக்காவோ, பாலைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று கேட்ட மூன்று முறையும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. எப்போதும் நிதானமாக இருக்கும் பூதக்கண்ணாடியே பேனாவை மேஜைமேல் விட்டெறிந்தார்.

பிறகு நர்ஸும் குமாஸ்தாவும் மறுபடி டிரைவரின் அறைக்குப் போனார்கள். டிரைவர் வாயைத் திறக்கவே திணறினார். உள்ளே முழுக்கப் புண். மேஜை இழுப்பறையில் நான்கு ரொட்டிகள் பல்படாமல் செங்கல்லாக இறுகிக் கிடந்தன. அன்று காலைதான் காலிசெய்திருந்த குப்பைக்கூடையில் ஆரஞ்சு நிறக் கேப்சூல் ஒன்றின் இரண்டு பாதி ஓடுகள் கிடந்தன.

"குப்பைதானே சிஸ்டர்" என்றார் குமாஸ்தா.

நர்ஸ் மருந்துச் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

மாலையில் டாக்டரின் அறைக்கு ரொட்டிக் கடைக்காரியையும் அவள் நாத்தனாரையும் வரச்சொல்லி நர்ஸே விளக்கினார்.

"கீமோ வேகமா வளர்ற செல்லை எல்லாம் அடிக்கும். நோய், நல்லதுன்னு பிரிச்சுப் பாக்காது. குடலோட உள்தோல் சில நாளுக்கு ஒருதடவை புதுசா வளர்றது, அதுவும் சேந்து அடிவாங்கும். வாய்ப்புண்ணு கண்ணுக்குத் தெரியுது. அதே சேதம் உள்ளயும் இருக்கு. அங்க இப்ப வேலி பிஞ்சு கிடக்கு. காவலுக்கு இருந்த நல்ல கிருமியிலயும் பாதி செத்தாச்சு. இந்த நேரத்துல உயிரோட எது உள்ள போனாலும் ரத்தத்துக்கு வழி திறந்தே இருக்கு."

நாத்தனார் பக்கம் திரும்பினார். "உங்க தம்பியால ரொட்டியை ஒரு கடிகூடக் கடிக்க முடியல. அவருக்கு மருந்தெல்லாம் டிரிப்ஸ்லதான் போகுது. அப்ப கேப்சூலை உடைச்சது யாரு? சூடுபட்டா வீணாப்போற எதைப் பால்ல கலந்தீங்க?"

நாத்தனார் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறக் கேப்சூல் டப்பா ஒன்றை எடுத்துவைத்தார்.

"நல்ல கிருமியெல்லாம் செத்துடும்னு டாக்டர்தான் சொன்னார். செத்ததைத் திருப்பிக் குடுக்கலாம்னு நினைச்சேன். வெளி மருந்து கூடாதுன்னீங்க. இது மருந்தில்லையே."

டப்பாவைப் படித்த நர்ஸ் அதைத் தள்ளி வைத்தார். "இதுல இருக்கறதும் ஈஸ்ட்தான். ரொட்டி ஈஸ்ட்டுக்கு நெருங்கின சொந்தம். நம்ம லேப்ல ரெண்டுக்கும் ஒரே பேர்தான் வரும். இன்னைக்கு வரைக்கும் குடுத்துட்டிருந்திருக்கீங்க."

ரொட்டிக் கடைக்காரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி," என்றாள். "ஈஸ்ட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பாலை நிறுத்தி, கிருமி ஒட்டியிருக்கக்கூடிய டிரிப்ஸ் குழாயையும் மாற்றியதும் ஆறு நாளில் காய்ச்சல் விட்டது. நாலாவது டோஸ் இரண்டு வாரம் தாமதமாக ஏறியது. டிரைவர் பிழைத்தார், இப்போது பஸ் ஓட்டுவதில்லை, டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ரொட்டிக் கடைக்காரி நாத்தனாருடன் மறுபடி பேசப் பதினோரு மாதமானது. நாத்தனார் தம்பி வீட்டுக்கு இன்னமும் வெறுங்கையோடுதான் வருகிறார். நர்ஸுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அந்த ஓடுகளைக் கண்டெடுத்தது தான்தான் என்று குமாஸ்தா சொல்லித் திரிகிறார்.