துடிக்க மறந்த ஜாக்கி

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அலறியவர் குதிரைப் பந்தய மைதானத்தின் எடை அறை குமாஸ்தா.

எடை மேடைமேல் ஏறி நின்ற ஜாக்கி, முள் நிற்பதற்குள் சரிந்து விழுந்திருந்தான். கையில் சேணம். நெஞ்சில்... துடிப்பே இல்லை!

இன்ஸ்பெக்டர் வந்தார். பக்கத்தில் நின்ற போட்டி ஜாக்கியின் சட்டையைப் பிடித்தார்.

"தண்ணி பாட்டில் குடுத்தது நீதானே? என்னடா கலந்தே?"

"சத்தியமா ஒண்ணுமில்ல சார்! அவன் குடிக்கவே இல்ல... எடை ஏறிடும்னு திருப்பிக் குடுத்துட்டான்!"

"கதை விடாதே!"

லாக்கப்!

பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. விஷம் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேஜையைக் குத்தினார். "நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"தலைகீழா நின்னு பாத்தாச்சு! எடை ஏறக் கூடாதுன்னு பட்டினி, மீறிச் சாப்பிட்டா விரலை விட்டு வாந்தி... பல வருஷமா இதான். பல்லே அரிச்சிருக்கு. இப்படியே போனா உடம்புல பொட்டாசியம் வத்திடும். இதயம் தாளம் தப்பி, பட்டுனு நின்னுடும்."

"நேத்துகூட ஜெயிச்சானே!"

"வெளியில தெரியாது சார். ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தா..."

"எடுத்தாங்களே!"

வாசலில் ஜாக்கியின் மனைவி.

"போன மாசம் மயங்கி விழுந்தப்ப அவரோட பயிற்சியாளர்தான் கிளினிக் கூட்டிட்டுப் போனார். எல்லாம் நார்மல்னார். தட்டை வச்சா சண்டை, எடுத்தா அழுகை... எத்தனை பேர்கிட்ட கெஞ்சினேன் சார்! ஒருத்தர் காதுலயும் ஏறலையே!"

இன்ஸ்பெக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டார்.

"நார்மலா?" எதிர்முனை டாக்டர் வெடித்தார். "துடிப்பு தாறுமாறா இருக்கு, இப்பவே ஆஸ்பத்திரியில சேருங்கன்னு அந்தப் பயிற்சியாளர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! நானே சேர்த்துடறேன்னு அழைச்சிட்டுப் போனாரே!"

போட்டி ஜாக்கி விடுதலையானான். ஜீப் குதிரை லாயத்துக்குப் பறந்தது.

அங்கே பயிற்சியாளர் ஒரு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா மறைச்சே?"

"பெரிய பந்தயம் நெருங்கிடுச்சு சார்... ஜெயிக்கிற ஆளை எப்படி நிறுத்தறது?"

கையில் விலங்கு ஏறியது. பயிற்சியாளர் பதறினார்.

"சார்... இந்தக் குதிரையை மட்டும் யாராவது பாத்துக்கணும்! நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் சரியில்லைன்னு குதிரை டாக்டர் சொன்னார். பந்தயமே வேணாம்னு ரெஸ்ட் குடுத்திருக்கேன்..."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"அந்த ஜாக்கி தப்புப் பண்ணிட்டான்யா... உன் லாயத்துல குதிரையாப் பொறந்திருக்கணும்!"