நசீறாவின் சதுரம்

நசீறாவுக்குக் காய்ச்சல் வந்தது நல்லதுதான்.

இப்படி நினைத்ததும் அன்ரோனெற் சுற்றிலும் பார்த்தாள். நல்லவேளை, நினைப்பு யாருக்கும் கேட்பதில்லை. சூழல் கழகப் பிள்ளைகள் எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாறைக் கரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள்.

அது பாதுகாக்கப்பட்ட கரை. அங்கே பாறைகளின் மேல் சின்னஞ்சிறு புழுக்கள் மணலை ஒட்டி ஒட்டி வீடு கட்டியிருந்தன. தேன்கூட்டைக் கடலில் கழுவி வைத்ததுபோல எங்கும் ஓட்டைகள். மாதம் ஒரு தடவை, கடல் வற்றும் நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் சிவப்புப் பெயின்ற் அடித்த தன் இடத்தில் கம்பிச் சதுரத்தை வைத்து, புழு இருக்கும் ஓட்டைகளை மட்டும் எண்ண வேண்டும்.

கணக்கு ஒரு நீலக் கொப்பியில் ஏறும். கொப்பி நசீறாவின் பொறுப்பு. அதை வைத்திருப்பவள்தான் கழகத்துக்குப் பொறுப்பான சிங்கராசா சேருடன் மன்னாருக்குப் போய், கரையைப் பாதுகாக்கும் அரசாங்கக் கந்தோரில் காட்டுவாள். போன தடவை பஸ் நிலையத்தில் ஒரு கழுதை நசீறாவின் பணிஸைப் பறித்துத் தின்றதாம். திரும்பி வந்து ஒரு கிழமை முழுக்க அதே கதை. தன் பணிஸையும் ஒரு கழுதை பறிக்கக்கூடாதா என்று அன்ரோனெற்றுக்கு இருந்தது.

இத்தனைக்கும் முதலில் எண்ணி முடிப்பவள் அன்ரோனெற்தான். நசீறா கடைசி. தண்ணீர் ஏறி உடுப்பு நனையும்வரை குந்தியிருப்பாள்.

"என்னடி, புழுவுக்குப் பேர் வைக்கிறியா?"

"கொஞ்சம் நிண்டு பாரன்" என்பாள் நசீறா. அன்ரோனெற் நின்றதே இல்லை.

இன்று கொப்பி அன்ரோனெற்றின் கையில். நசீறாவின் சதுரத்தையும் அவளே எண்ண வேண்டும். போன மாதம் அறுபத்துமூன்று. இன்று நாற்பத்தொன்று. மறுபடியும் எண்ணினாள். நாற்பத்தொன்றேதான். உடைந்த இடம் ஒன்றும் இல்லை. மற்ற ஓட்டைகள் வெறுமையாகக் கிடந்தன.

அப்படியென்றால் நசீறா கூட்டி எழுதியிருக்கிறாள்!

நெஞ்சுக்குள் டொபி கரைந்ததுபோல இருந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டு சேரிடம் ஓடினாள். அவர் பழைய பக்கங்களைப் புரட்டினார். எப்போதும் நசீறாவின் கணக்குத்தான் மற்றவர்களுடையதைவிடக் கூட. அவர் முகம் வாடியது. பிழையான கணக்கைக் கந்தோருக்குக் கொண்டுபோக முடியாது, இனிக் கொப்பி அன்ரோனெற்றிடமே இருக்கட்டும் என்றார்.

ஓடி வந்த அவசரத்தில் கம்பிச் சதுரத்தை அங்கேயே விட்டிருந்தாள். எடுக்கப் போனபோது அதற்கு மேல் நாலு விரல் தண்ணீர் ஏறியிருந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள்.

வெறும் ஓட்டை என்று விட்ட ஒன்றிலிருந்து, நூல்போல மெல்லிய கைகள் நீண்டு அசைந்தன. பக்கத்து ஓட்டையிலும். அதற்கு அப்பாலும். கடல் வற்றியபோது உள்ளே ஒளிந்திருந்தவை எல்லாம் இப்போது சாப்பிட வந்திருந்தன.

அவள் குந்தினாள். உடுப்பு நனைந்தது. மெதுவாக எண்ணினாள்.

அறுபத்துநாலு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் மூழ்கிவிடும். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

கரையில் சேர் கொப்பியையும் பேனையையும் நீட்டினார். "அட்டையில நசீறாட பேரை வெட்டிப்போட்டு உன்ட பேரை எழுது, பிள்ளை."

நீல அட்டை வழுவழுவென்று இருந்தது. அன்ரோனெற் அதை ஒருமுறை தடவினாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி, நாற்பத்தொன்றை வெட்டி அறுபத்துநாலு என்று எழுதினாள்.

"என்ட கணக்குத்தான் பிழை, சேர். தண்ணி ஏறினாப் பிறகுதான் எல்லாம் வெளிய வருது. அதுக்குத்தான் நசீறா நிக்கிறவள். என்ட சதுரத்தையும் இனித் திருப்பி எண்ணோணும்."

சேர் கடலைப் பார்த்தார், அவளுடைய நனைந்த உடுப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி. ஆனா திங்கட்கிழமை மன்னாருக்குப் போகோணுமே. இந்த ஒருக்கா நீ வாவன்."

பஸ் நிலையமும் பணிஸும் கழுதையும் அன்ரோனெற்றின் கண்முன் வந்து நின்றன.

"இல்லை, சேர்," என்றாள் மெதுவாக. "நசீறாவுக்குச் சுகமாகட்டும்."