ஜோசியர் கணித்த உலகப்படம்

வினாத்தாளைப் பிரித்த கொஞ்ச நேரத்திலேயே தேர்வு அறையில் ஒருவன் சிரித்துவிட்டான்.

தேர்வு அறையில் அழுகை வரும், கொட்டாவி வரும், மயங்கி விழுவதுகூட உண்டு. சிரிப்பு வராது. அதுவும் புவியியல் தேர்வில் வரவே வராது. மேற்பார்வைக்கு நின்ற கணக்கு ஆசிரியர் திரும்புவதற்குள் பின்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவன், "ஜோசியரே, தெய்வமே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

காலை ஒன்பதே காலுக்குத் தேர்வு நிறுத்தப்பட்டது.

ஜோசியர் என்பது அதே வகுப்பில் படிக்கும் ஒரு பையன். சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் காணாத தலை. பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு எது வரும், எது வராது என்று கணித்துச் சொல்வான். "எரிமலை ரெண்டு வருஷமா தூங்குது, இந்தத் தடவை வெடிக்கும்" என்பான். மூன்று பிரிவு வைத்திருந்தான்: 'நிச்சயம்', 'வரலாம்', 'சும்மா'. தேர்வுக்கு முதல் நாள் மாலை வகுப்பின் ஃபோன் குழுவில் அதைப் போடுவான். பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை வாசிக்காமல் யாரும் தூங்கப் போனதில்லை.

இந்தத் தடவை அவன் கணிப்பு தலைமையாசிரியரின் மேசையில் கிடந்தது. பக்கத்தில் வினாத்தாள். அவற்றுக்கு முன்னால் தலைமையாசிரியர், தலையில் கை வைத்தபடி.

"கேஸ் ஆக்க வேணாம் மேடம். ஸ்கூல் பேரு கெட்டுடும். உங்க பொண்ணும் இங்கதான படிக்குது. நீங்களே பார்த்து முடிச்சுக் குடுங்க."

எதிரில் இருந்தவர் காவல் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனுக்குக் கிளம்பிய வழியில் ஃபோன் வரவே, சீருடையிலேயே வந்திருந்தார். அவருடைய ஒரே மகள் அந்த வகுப்பின் லீடர். தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் தன் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு கிடைத்ததில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே இருந்தது.

"வினாத்தாள் கட்டை யார் யார் தொட்டாங்க?"

"மூணே பேர். புவியியல் டீச்சர் டைப் பண்ணி, நகல் எடுத்து, உறையில போட்டு அரக்கு வச்சாங்க. பியூன் அதை ஸ்டாஃப் ரூம்ல இருந்து இங்க கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரமே நான் பீரோல வச்சுப் பூட்டினேன். இன்னிக்குத் திங்கக்கிழமை காலைல ஹால்ல எல்லார் முன்னாடியும் பிரிச்சப்போ அரக்கு முழுசா இருந்துச்சு."

"இந்த ரூம் சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு பியூன்கிட்ட. காலைல அவர்தான் திறந்து பெருக்குவார்."

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்து வெளியே போனார்.

பியூன் தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தார். தற்காலிக வேலைதான். இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவர் மனைவி தையல் மெஷினுக்கே தவணை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பை எங்க?"

"எதுக்கு மேடம்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில். பை எங்க?"

அவர் தோள்பையைக் காட்டினார்.

"கொட்டுங்க."

தேர்விலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் தாழ்வாரத்தில்தான் நின்றார்கள். பியூன் ஒருமுறை அவர்களைப் பார்த்தார். பிறகு பையைக் கவிழ்த்தார். ஒரு குடை, மாத்திரை அட்டை, மடித்த துண்டு, சாப்பாட்டு டப்பா. டப்பா விழுந்த வேகத்தில் மூடி கழன்று சோறு தரையில் சிதறியது. யாரோ 'உச்' கொட்டினார்கள். வேறு ஒன்றும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை இங்க வந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"சத்தியமா?"

"நான் எதுக்கு மேடம் பொய் சொல்லணும்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

தலைமையாசிரியர் பின்னாலேயே வந்திருந்தார். விசாரணை முடியும்வரை வீட்டுக்குப் போயிருங்கள் என்று பியூனிடம் சொன்னார். பியூன் போகவில்லை, உடனே போகவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து, சிதறிய சோற்றைப் பெருக்கி, அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் போனார். அத்தனை பேர் நின்றும் ஒருவருக்கும் குனியத் தோன்றவில்லை.

பதினோரு மணி. இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பி வந்து, கணிப்பையும் வினாத்தாளையும் அருகருகே வைத்தார். இதை அவர் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கட்டுரைக் கேள்விகள் ஐந்து. அதில் ஜோசியர் சொன்னது இரண்டுதான் வந்திருந்தது. சிரிப்புக்குக் காரணம் கடைசிக் கேள்வி. உலகப்படத்தில் பத்து இடங்களைக் குறிக்க வேண்டும். ஜோசியரும் 'நிச்சயம்' என்று பத்து சொல்லியிருந்தான். ஹம்போல்ட் நீரோட்டம், மரியானா அகழி, பாஸ் நீரிணை, அசோர்ஸ் தீவுகள், ஹட்சன் விரிகுடா, சர்காசோ கடல் ஆகிய ஆறும் அச்சு அசலாக வந்திருந்தன. வினாத்தாளில் மிச்சம் இருந்தவை கோபி பாலைவனம், காங்கோ படுகை, யூரல் மலை, பாம்பாஸ் புல்வெளி. அந்த நான்கில் ஒன்றுகூட ஜோசியர் சொல்லவில்லை. அவன் சொன்னது வேறு நான்கு.

"வழக்கமா எத்தனை சரியா வரும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வந்தாலே மிட்டாய் குடுப்பான்," என்றார் தலைமையாசிரியர். "ஆறு வந்திருக்கே மேடம்! அதுவும் பாஸ் நீரிணை பாடத்துலயே ஒரே ஒரு வரிதான்."

"ஆறு வந்தது சரி. நாலு ஏன் வரல?"

தலைமையாசிரியருக்குக் கேள்வி புரியவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் மறுபடி ஒத்துப் பார்த்தார். உறையைப் பிரித்தவனுக்கு முழு வினாத்தாளும் தெரியும். ஐந்து கட்டுரையும் தெரிந்திருக்கும், பத்து இடமும் தெரிந்திருக்கும். இந்தக் கணிப்புக்குப் பின்னால் இருந்த ஆள் வினாத்தாளைப் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் பியூன்?

"டீச்சரைக் கூப்பிடுங்க," என்றார்.

புவியியல் டீச்சர் கண் கலங்கி வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். கடலுக்கு நீலம் தீட்டாத படத்துக்கு அரை மதிப்பெண் பிடுங்குவார். அதனாலேயே தேர்வு வாரத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகளின் விரல்கள் எல்லாம் நீலமாக இருக்கும்.

"நடந்ததை எழுதிக் குடுங்க டீச்சர்."

டீச்சர் எழுதினார். பேனா காகிதத்தில் பதிந்த பதிவில் பார்க்கிறவருக்கே கை வலித்தது. இன்ஸ்பெக்டர் தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"சின்ன வயசுப் பழக்கம் மேடம். என் கையெழுத்து ரிஜிஸ்தர்ல அடுத்த பக்கத்துலயும் தெரியும்னு சார் கிண்டல் பண்ணுவார்."

"படக் கேள்விக்கு விடை போட்டு வைப்பீங்கல்ல?"

"ஆமா, ஒரு விடைப் படம் போட்டு உறைக்குள்ளயே வச்சுட்டேன். அதை யாரும் பார்க்கல."

"எதுமேல வச்சுப் போட்டீங்க?"

டீச்சர் யோசித்தார். "வெறும் உலகப்படக் கட்டு ஒண்ணு வாங்கியிருந்தேன். மேல இருந்த தாள்லயே போட்டுக் கிழிச்சுக்கிட்டேன்."

"மிச்சக் கட்டு?"

"பிள்ளைங்க போட்டுப் பழகட்டும்னு குடுத்துட்டேனே."

"யார்கிட்ட?"

"லீடர்கிட்ட. உங்க..." என்று ஆரம்பித்த டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

 இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் வைத்தார். மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு, ஜோசியரைக் கூப்பிடச் சொன்னார். தான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது போலீஸ் வேலையில் அதுதான் முதல் தடவை.

ஜோசியர் வந்து நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், திரும்பவும் கழற்றினான்.

"படக் கேள்வியில அந்த ஆறையும் யாருப்பா சொன்னது?"

"என் சொந்தக் கணிப்பு மேடம்."

"மிச்ச நாலு?"

"அதுவும்தான்."

"ஆறு சரி, நாலு தப்பு. ரெண்டும் ஒரே மூளையில இருந்து வந்துச்சா?"

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன்னைத் தேர்வே எழுத விட மாட்டாங்க. தெரியும்ல? யாருன்னு சொல்லு."

"சார் கேட்டா சொல்லியிருப்பேன் மேடம்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "நீங்க கேக்கறதாலதான் சொல்ல முடியல."

போதும். இதற்கு மேல் ஒரு வாக்குமூலம் வேண்டியதில்லை. "லீடரைக் கூப்பிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். என் பொண்ணை என்று சொல்ல வாய் வரவில்லை.

மகள் வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் மற்றவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"வினாத்தாள் வெளிய போகல. உறையை யாரும் தொடல. அந்த ஆறு இடத்தையும் பாருங்க. நீரோட்டம், அகழி, நீரிணை, தீவு, விரிகுடா, கடல். எல்லாம் தண்ணியில இருக்கறது. வராத நாலும் நிலத்துல இருக்கறது. உளவு பார்த்த ஆளுக்குக் கடல் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. டீச்சர் அழுத்தி எழுதினது அடியில இருந்த தாள்ல பள்ளமா பதிஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா உங்க பிள்ளைங்க படம் கைக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?"

"கடலுக்கு நீலம் தீட்டுவாங்க," என்றார் டீச்சர். 

"பென்சிலைச் சாய்ச்சு வச்சுத் தேய்ப்பாங்க. பள்ளத்துல நீலம் ஒட்டாது. எழுத்து வெள்ளையா நிக்கும். கட்டுல மேல இருந்த முதல் தாளை எடுத்தது யாரோ, அவங்கதான்." இப்போதுதான் மகள் பக்கம் திரும்பினார். "யார் எடுத்தா?"

"நான்தாம்மா."

"வேணும்னே தேய்ச்சியா?"

"இல்லம்மா! சும்மா கலர்தான் அடிச்சேன். எழுத்து தானா வந்துச்சு."

"அப்புறம் நிலத்துக்கு ஏன் அடிக்கல?"

"பயமா இருந்துச்சு. அடிச்சா அது திருட்டு ஆயிடும்ல?"

"ஆறைத் தெரிஞ்சுக்கிட்டது மட்டும் என்னவாம்? சரி, நீ வச்சுக்கிட்டதோட நிக்காம அவன்கிட்ட எதுக்குச் சொன்ன?"

மகள் ஜோசியரைப் பார்த்தாள். "நான் எதைச் சொன்னாலும் சிரிப்பாங்கம்மா. நான் சொல்ற கேள்வியை எல்லாம் இவன் 'சும்மா'லதான் போடுவான். ஒரு தடவையாவது 'நிச்சயம்'ல வரணும்னு..."

ஜோசியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அவமானம்தான். புகழ் முழுவதும் தனக்கே வந்தபோது அதை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

"காலைல அவர் பையைக் கொட்டினாரே, அப்போ நீ எங்க இருந்த?"

"தூண் பக்கத்துல."

"பார்த்துக்கிட்டே இருந்தியா?"

"ம்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? அவர் வேலை போகப் போகுதுன்னு தெரியாதா உனக்கு?"

"சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேம்மா. நீ அவர்தான்னு அவ்வளவு உறுதியா பேசின. எனக்கு வாயே வரல." இதைச் சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். குற்றத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கோ எழுந்து எங்காவது ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. காலையில் அந்த இரண்டு காகிதங்களையும் ஐந்து நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். உறையைப் பிரித்த ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். பார்க்காமல் பை இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு போனது யார் குற்றம்?

"தேர்வை வேற தாள் போட்டு நடத்திக்கலாம்," என்றார் தலைமையாசிரியர். "உங்க பொண்ணு விஷயத்தை நாம பேசித் தீர்த்துக்கலாம் மேடம். பியூனுக்கு ஃபோன் பண்ணி நாளைல இருந்து வரச் சொல்லிடறேன்."

"ஃபோன்ல வேணாம் சார். என் பொண்ணுக்கு வேற பிள்ளைங்களுக்கு என்ன தண்டனையோ அதையே குடுங்க. வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மாலை நான்கு மணி. கடைத்தெருவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டிப் போட்ட மெஷினில் பியூனின் மனைவி ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். சீருடையைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே கட்டிலில் இருந்த பியூன் பதறி எழுந்தார்.

"மேடம், நான் ஒண்ணும்..."

"நீங்க உக்காருங்க. நாங்க நிக்கறோம்." இன்ஸ்பெக்டர் மகளின் முதுகில் கை வைத்தார். "சொல்லு."

மகள் சொன்னாள். திக்கித் திக்கி, நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் எதையும் விடாமல் சொன்னாள். தூணருகே நின்றதையும் சொன்னாள். "மன்னிச்சிருங்கண்ணா," என்று முடித்தாள்.

பியூன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பரவால்ல பாப்பா, சின்னப் பொண்ணு நீ," என்றார். "அழாத. தண்ணி குடிக்கிறியா?"

இன்ஸ்பெக்டர், "நானும் மன்னிப்புக் கேக்கணும்," என்றார். "வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நிரந்தர உத்தரவும் சொன்ன தேதியில வந்துடும். தலைமையாசிரியர் எழுதிக் குடுத்திருக்கார்."

பியூன் கையெடுத்துக் கும்பிடப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்து இறக்கினாள். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அந்தக் கட்டை மூணு பேரு தொட்டாங்கன்னு இவரு சொன்னாரு. மத்த ரெண்டு பேரு பையையும் கொட்டச் சொன்னீங்களா?"

பியூன், "ஏய், சும்மா இரு," என்று அதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளும் இப்போது அம்மாவைத்தான் பார்த்தாள்.

எத்தனையோ பேரை எதிரில் உட்கார வைத்து, ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்று மிரட்டியவர் இன்ஸ்பெக்டர். அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது அவருக்கே நேரம் பிடித்தது.

"இல்லம்மா," என்றார். "அப்படி ஒண்ணு எனக்குத் தோணவே இல்ல."

"தோணாதுதான்," என்றாள் அவள். காலரைச் சரிசெய்து, மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.